பாதிச் சுவரும் நாற்பது வருஷ வரியும்

(வீட்டு வரி உயர்வு பற்றிய ஊர்க் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

பால் ஊத்திட்டு நேரா இங்கே வந்தவங்க இருக்கீங்க. மும்முனை கரண்ட் வந்ததும் தண்ணி கட்டப் போகணும்னு கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கிறவங்களும் இருக்கீங்க. அதனால சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வந்துடறோம்.

போன கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "ரோடு வேணும், ஆஸ்பத்திரி வேணும், பக்கத்துலயே கோர்ட்டு வேணும்னு மனு கொடுக்கிறதும் நாமதான். வரின்னு வந்தா கொடியைத் தூக்கறதும் நாமதான். இது என்னங்க நியாயம்?" என்றார். பின்வரிசையில் சிலர் அவரை உட்காரச் சொல்லி அதட்டினீர்கள். அது தப்பு. அவர் கேட்டதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அன்றைக்கு எங்களிடம் ஒழுங்கான பதில் இல்லை. வீட்டுக்குப் போய் யோசித்தோம், படித்தோம். இன்றைக்குப் பதிலோடு வந்திருக்கிறோம்.

பதில் கொஞ்சம் தூரத்தில் இருக்கிறது. அமெரிக்காவில். ஏன் அவ்வளவு தூரம் போகணும் என்று கேட்பீர்கள். நம்ம நாட்டில் ஒரு கோர்ட்டு கட்டினால் பணம் டெல்லியிலிருந்து கொஞ்சம், சென்னையிலிருந்து கொஞ்சம் என்று வரும். யார் பாக்கெட்டிலிருந்து எவ்வளவு போச்சு என்று நமக்குத் தெரியாது. அங்கே அப்படி இல்லை. அந்தப் பகுதிக்காரன் நிலத்துக்கும் வீட்டுக்கும் வரி போட்டு, அந்தப் பகுதியின் கோர்ட்டைக் கட்டுவது அங்கே பழைய வழக்கம். யார் கொடுத்தார், என்ன ஆச்சு என்பது பளிச்சென்று தெரியும்.

அங்கே மாநிலத்துக்குக் கீழே 'கவுன்ட்டி' என்று ஒரு பிரிவு. நம்ம மாவட்டம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பெரும்பாலும் அதைவிடச் சின்னது. ஒவ்வொரு கவுன்ட்டிக்கும் ஒரு தலைமை ஊர், அந்த ஊருக்கு நடுவே ஒரு கோர்ட்டுக் கட்டிடம். கேஸ் நடக்கிற இடம் மட்டும் இல்லை அது. பத்திரம் பதிகிறது அங்கே, வரி கட்டுகிறது அங்கே, உயில் ஒப்படைக்கிறது, கல்யாணத்துக்கு லைசென்ஸ் வாங்குகிறது எல்லாம் அங்கேதான். நம்ம தாலுகா ஆபீஸ், பத்திர ஆபீஸ், முன்சீப் கோர்ட்டு மூணையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்தால் எப்படியோ அப்படி. ஆக, கோர்ட்டு கட்டுகிறோம் என்றால் எந்த விவசாயியும் வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது.

இல்லினாய்ஸ் மாநிலத்தில் மக்கூப்பின் என்று ஒரு கவுன்ட்டி. தண்ணியில் வளரும் ஒரு தாமரைச் செடியின் பெயர் அது. அதன் கிழங்கை அந்த மண்ணின் பழைய குடிகள் சாப்பிட்டு வந்தார்கள். தலைமை ஊர் கார்லின்வில். நல்ல கறுப்பு மண். மக்காச்சோளம், கோதுமை, பன்றி, மாடு, இதுதான் பிழைப்பு. பிற்பாடு நிலக்கரிச் சுரங்கமும் வந்தது. 1870ல் மொத்த ஜனத்தொகை முப்பத்திரண்டாயிரம் சொச்சம். பெரும்பாலும் நம்மைப் போல் உழுது பிழைக்கிற சனம்.

1867ல் அங்கே புதுக் கோர்ட்டு கட்ட முடிவு செய்தார்கள். பழைய கட்டிடம் போதவில்லை என்றார்கள். போட்ட மதிப்பீடு 50,000 டாலர். கடன் பத்திரம் விற்றுக் கட்டுவது, வட்டியும் முதலும் பின்னால் வரியில் வசூலிப்பது என்று ஏற்பாடு. இலையா மயர்ஸ் என்ற கட்டிடக் கலைஞர் படம் போட்டுக் கொடுத்தார். சாதாரண ஆள் இல்லை. பின்னால் மிச்சிகன், டெக்ஸாஸ், கொலராடோ மாநிலங்களின் தலைமைச் செயலகக் கட்டிடங்களுக்கு வரைபடம் போட்டவர் அவர்தான்.

அஸ்திவாரம் போட்டாச்சு. சுண்ணாம்புக்கல் சுவர் எழும்ப ஆரம்பிச்சாச்சு. 50,000 காலி. சுவர் பாதியில் நிற்குது. இப்ப என்ன செய்யறது? மேற்கொண்டு கடன். அதுவும் காலி. மறுபடியும் கடன். 1869 தொடக்கத்திலேயே நாலு லட்சம் டாலருக்கு மேல் போய்விட்டது, கட்டிடம் முடியவில்லை. வரி கட்டுகிறவர்கள் கூட்டம் போட்டுக் கத்தினார்கள். கத்தினவர்களுக்குக் கிடைத்த பதில் ஒண்ணே ஒண்ணுதான்: "இவ்வளவு போட்டாச்சு, பாதியில விட முடியுமா?"

நம்மில் போர் போட்டவங்களுக்கு இந்தப் பேச்சு நல்லாத் தெரியும். ஐநூறு அடின்னு பேசித்தான் வண்டியைக் கொண்டுவந்து காட்டுல நிறுத்தறோம். ஐநூறுல வெறும் புகை. வண்டிக்காரர் மண்ணை உள்ளங்கையில வச்சுப் பார்த்துட்டு, "ஈரம் தெரியுதுங்க, இன்னொரு நூறு போனா ஊத்து அடிச்சிரும்" என்கிறார். விட்டால் அதுவரை போட்ட காசு மண்ணு. போனால் நூறு அடிக்குக் கூலி, அதுக்கு மேல கேசிங் பைப்பு. அறுநூறுலயும் அதே பேச்சு. கடைசியில் ஆயிரம் அடியில் வீட்டுக்காரம்மா கழுத்துச் செயின் அடகுக் கடைக்குப் போன பிறகுதான் வண்டி கிளம்புது. வண்டிக்காரர் ஏமாத்தினார் என்றும் சொல்ல முடியாது. அவர் அடிக்கு இவ்வளவு என்று கணக்குப்படிதான் வாங்கினார். முதல் அடி போடுவதற்கு முன்னால் 'இத்தனைக்கு மேல் கிடையாது' என்று நாம் ஒரு கோடு போடவில்லை, அவ்வளவுதான்.

மக்கூப்பின் சனங்களும் கோடு போடவில்லை. 1870ல் கட்டிடம் முடிஞ்சபோது ஆன செலவு 13 லட்சம் டாலருக்கு மேல். போட்ட மதிப்பீட்டைப் போல் இருபத்தாறு மடங்கு! அஞ்சு லட்சத்துல மாட்டுக் கொட்டகை போடறேன்னு ஆரம்பிச்சு ஒண்ணேகால் கோடியைத் தாண்டினா வீட்டுல என்ன நடக்கும்னு நினைச்சுப் பாருங்க.

கட்டிடம் எப்படி? அதைக் குறை சொல்ல முடியாது. தெருவிலிருந்து கோபுரத்தின் உச்சி வரைக்கும் 190 அடி உயரம். தீப்பிடிக்கக் கூடாது என்று கதவெல்லாம் இரும்பு, ஜன்னல் சட்டம்கூட இரும்பு. நீதிபதி உட்காரும் நாற்காலிக்கே 1,500 டாலர் ஆச்சு என்று சொல்வார்கள். 'மில்லியன் டாலர் கோர்ட்டு' என்ற பட்டப்பெயர் இன்றைக்கும் அதுக்கு உண்டு. மில்லியன் என்றால் பத்து லட்சம். நூற்றைம்பது வருஷம் தாண்டியும் அதே கட்டிடத்தில் வேலை நடக்கிறது. நம்ம ஊர்ல மூணு வருஷத்துல ஒழுகற சமுதாயக் கூடத்தைப் பார்த்த கண்ணுக்கு அது பெரிய விஷயம்தான். ஆனா ஒண்ணு, மக்காச்சோளம் விளைகிற ஒரு பகுதிக்கு அந்தக் கோபுரம் வேணுமா என்று கோபுரத்துக்குக் காசு கொடுத்தவனிடம் யாரும் கேட்கவில்லை.

வேலையை நடத்தின கமிட்டியில் முக்கியமானவர்கள் ரெண்டு பேர். ஒருவர் கவுன்ட்டி நீதிபதி லூமிஸ். இன்னொருவர் கணக்கு வழக்கு, கடன் பத்திரமெல்லாம் கையில் வைத்திருந்த கவுன்ட்டி கிளார்க் ஹாலிடே. 1870ல் விவகாரம் முற்றினதும் கிளார்க் ஊரைவிட்டுப் போனவர் போனவர்தான், திரும்பவே இல்லை. எவ்வளவு கையாடல், எவ்வளவு வெட்டிச் செலவு என்பது கடைசி வரைக்கும் தெளிவாகவில்லை. நீதிபதி அதே ஊரில்தான் இருந்தார். அவர் தப்பு செய்தார் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. திருடனே இல்லாமலும் இருபத்தாறு மடங்கு ஆகும். கணக்கு ஒரு ஆள் பெட்டிக்குள் இருந்து, கேள்வி கேட்க யாருக்கும் வழி இல்லாவிட்டால் ஆகும்.

இனி வரிக்கு வருவோம். நம் காதில் விழ வேண்டிய சங்கதி இதுதான்.

அந்தக் காலத்து இல்லினாய்ஸில் நிலத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் வரி இல்லை. குதிரை, மாடு, கோவேறு கழுதை, ஆடு, பன்றி, வண்டி, சுவர்க் கடிகாரம் வரைக்கும் எண்ணி மதிப்புப் போடுவார்கள். வரி பாக்கி விழுந்தால் ஏலம். சட்டம் எல்லாருக்கும் பொதுதான். ஆனால் பணக்காரன் பத்திரமாகவும் பங்காகவும் வைத்திருக்கிற சொத்தைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடலாம். பத்து ஏக்கர் காட்டை எந்தப் பெட்டியில பூட்டறது? தொழுவத்துல நிக்கிற மாட்டை எங்க ஒளிக்கிறது? சொத்து வரி என்றாலே பாரம் விவசாயி தோளில் வந்து உட்காருவது இப்படித்தான்.

இன்னொண்ணு. கடன் டாலர் கணக்கில் அப்படியே நிற்கும். விளைச்சல் விலை நிற்குமா? 1873ல் அமெரிக்காவில் பேங்குகள் கவிழ்ந்து பெரிய முடக்கம் வந்தது. அப்போதிருந்து 1890களின் நடுப்பகுதி வரை தானிய விலை சரிந்துகொண்டே போனது. ஒரு கட்டத்தில் மேற்கே கான்சஸ், நெப்ராஸ்கா பக்கம் நிலக்கரி வாங்குவதைவிட மக்காச்சோளத்தை எரிப்பது மலிவு என்று அடுப்பில் போட்டார்கள். கட்டிடம் எழும்பின வருஷம் ஒரு டாலர் வரிக்கு எத்தனை மூட்டை விற்றாரோ, இருபது வருஷம் கழித்து அதே டாலருக்கு அதைவிட அதிக மூட்டை விற்கணும். வரி ரசீதில் தொகை ஏறியிருக்காது. குதிரில் இருந்து போற தானியம் ஏறியிருக்கும்.

கட்டி முடிக்க மூணு வருஷம். கடன் அடைக்க நாற்பது வருஷம். 1870ல் பத்து வயசுப் பையன், அந்தக் கடன் தீர்ந்த 1910ல் ஐம்பது வயசு ஆள். அவன் சின்னப் பையனாக இருந்த காலத்தில் நாலு பேர் போட்ட கையெழுத்துக்கு அவன் வாழ்நாள் பூராவும் கட்டினான். 1910 ஜூலையில் அந்த ஊரில் ரெண்டு நாள் திருவிழா நடந்தது. மாநில கவர்னர் சார்லஸ் டெனீன் வந்து, கடைசிக் கடன் பத்திரத்தைத் தன் கையால் எரித்தார். கடனை எரிச்சதுக்குத் திருவிழா கொண்டாடின ஊரு அதுவாத்தான் இருக்கும்!

(இதே மக்கூப்பின் கவுன்ட்டியின் மவுன்ட் ஆலிவ் ஊரில்தான், சுரங்கத் தொழிலாளிகளுக்காக வாழ்நாள் முழுக்க ஊர் ஊராகப் போய்ப் போராடிய கிழவி மதர் ஜோன்ஸ் 1930ல் அடக்கம் செய்யப்பட்டார். தன் தொழிலாளிகளோடுதான் தன்னைப் புதைக்கணும் என்று கேட்டுக்கொண்டவர். நம்ம விஷயத்துக்குச் சம்பந்தமில்லை. ஆனாலும் அந்த மண்ணைப் பற்றிப் பேசிவிட்டு அந்த அம்மாவைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை.)

ஒரு ஊர் இப்படிக் கெட்டுது, அதுக்கென்ன என்று நினைக்காதீர்கள். அதே நேரத்தில் நியூயார்க்கிலும் ஒரு கவுன்ட்டி கோர்ட்டு எழும்பிக்கொண்டிருந்தது. இரண்டரை லட்சம் டாலர் என்று தொடங்கி ஒரு கோடி டாலரைத் தாண்டியது. 1867ல் அமெரிக்க அரசு ரஷ்யாவிடமிருந்து அலாஸ்கா முழுவதையும் வாங்கியதே 72 லட்சம் டாலருக்குத்தான். ஒரு தேசத்து அளவு நிலத்தின் விலையைவிட ஒரு கட்டிடத்துக்கு அதிகம்! இங்கே சந்தேகத்துக்கே இடமில்லை, பச்சைத் திருட்டு. ட்வீட் என்ற அரசியல் தலைவரும் அவர் கூட்டாளிகளும் போலி பில் போட்டு அள்ளினார்கள். பூச்சு வேலைக்காரர் ஒருவருக்கு ரெண்டு நாள் வேலைக்கு 1,33,187 டாலர் பில். அவர் சுவருக்குப் பூசினது சுண்ணாம்பா தங்கமா என்று யாரும் கேட்கவில்லை.

அது வெளியே வந்தது எப்படி? அதைக் கவனியுங்கள். யாரோ பெரிய மனுஷர் மனசு திருந்தி வந்து சொல்லவில்லை. கணக்கு ஆபீஸில் இருந்தவர்கள் பேரேட்டைப் பார்த்துக் கையால் நகல் எடுத்தார்கள். அது பத்திரிகைக்குப் போனது. 1871 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் அந்தக் கணக்கை வரிவரியாக அச்சிட்டது. 1873ல் ட்வீடுக்குத் தண்டனை. விசாரணை நடந்ததும் அவர் கட்டின, இன்னும் முடியாத அதே கோர்ட்டுக்குள்தான். 1878ல் ஜெயிலிலேயே செத்தார். பேரேட்டின் நகல் செய்த வேலை அது.

அமெரிக்க விவசாயிகள் சும்மா இருக்கவில்லை. கார்லின்வில்லில் அஸ்திவாரம் போட்ட அதே 1867ல்தான் 'கிரேஞ்ச்' என்ற விவசாயிகள் அமைப்பு தொடங்கியது. அடுத்த சில வருஷங்களில் இல்லினாய்ஸ் உள்பட நடுமேற்கு மாநிலங்கள் முழுக்கப் பரவியது. ரயில்வே கம்பெனிகளின் கொள்ளைக் கட்டணம்தான் அவர்கள் முதல் சண்டை. 1870ல் இல்லினாய்ஸ் புது அரசியல் சட்டம் எழுதிக்கொண்டது. அதில் ரெண்டு பூட்டு போட்டார்கள். கவுன்ட்டி நிர்வாகம் நூறு டாலர் மதிப்புக்கு 75 சென்ட்டுக்கு மேல் வரி போடுவதென்றால் மக்களிடம் ஓட்டு வாங்கணும். கவுன்ட்டி வாங்குகிற கடன், அங்கே வரி விதிக்கத்தக்க சொத்து மதிப்பில் நூற்றுக்கு அஞ்சைத் தாண்டக் கூடாது. இருபது வருஷத்துக்குள் அடைக்கணும். மக்கூப்பினுக்கு அந்தப் பூட்டு லேட்டு. குதிரை ஓடின பிறகு லாயத்தைச் சாத்தின மாதிரி.

நிலத்தின் மதிப்பை எப்படிப் போடுவது என்பதிலும் ரொம்ப வருஷம் போராடினார்கள். டவுன் நெருங்கி வந்தால் காட்டு விலை ஏறும். ஏறினால் விளைச்சல் ஏறுமா? ஏக்கருக்கு அதே முப்பது மூட்டைதான். விற்றால் கோடி, விதைத்தால் கடன். விற்கிற விலைக்கு வரி போட்டால் விற்றுத்தான் வரி கட்டணும். 1956ல் மேரிலாண்ட் மாநிலம்தான் முதலில், பயிர் செய்கிற நிலத்துக்கு மனை விலையைப் பார்க்காமல் பயிர் நிலமாகவே மதிப்புப் போட வேண்டும் என்று சட்டம் செய்தது. அப்புறம் மற்ற மாநிலங்களும் ஏதாவது ஒரு வகையில் அந்த வழிக்கு வந்தன. இதை மனசில் வையுங்கள். நமக்கு வேணும்.

ஆனால் ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். 'வரியே வேண்டாம்' என்று ஒரேயடியாக நின்றால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கேயே சாட்சி இருக்கிறது. 1978ல் கலிபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டு, சொத்து வரியை மதிப்பில் நூற்றுக்கு ஒன்று என்று கட்டிப் போட்டார்கள். வருஷத்துக்கு மதிப்பு ரெண்டு சதவீதத்துக்கு மேல் ஏறவும் கூடாது. வீட்டுக்காரனுக்கு நிம்மதி. கவுன்ட்டிகள் கையில் பணம் சுருங்கியது. கடைசியில் கோர்ட்டுக்கு ஆகிற செலவை 1997லும், கோர்ட்டுக் கட்டிடங்களை 2002லும் சட்டம் போட்டு மாநிலம் ஏற்றுக்கொண்டது. புதுக் கோர்ட்டு கட்ட 2008ல் 500 கோடி டாலர் கடனுக்கு ஒரு சட்டம் வந்தது. அதை அடைக்க வழி? கோர்ட்டுக் கட்டணம், அபராதம் எல்லாவற்றையும் ஏற்றினார்கள். ஆக, வண்டி ஓட்டி அபராதம் கட்டுகிற கூலிக்காரனும், நியாயம் கேட்டு கேஸ் போடுகிறவனும் அந்தச் சுவருக்குச் செங்கல் வாங்கிக் கொடுத்தார்கள். அது நியாயம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. பாரத்தை நம் தோளிலிருந்து இறக்கி இன்னொரு ஏழை தோளில் வைப்பதற்கு ஒரு சங்கம் தேவையில்லை.

ஆகவே தம்பிக்கு எங்கள் பதில் இதுதான். கோர்ட்டோ ஆபீஸோ ஆஸ்பத்திரியோ, பொதுக் கட்டிடத்துக்கு வரி கொடுக்க மாட்டோம் என்று நாங்கள் சொல்லவில்லை. சுவர் எழும்புவதற்கு முன்னால் கணக்கு வேணும் என்கிறோம். சுவர் பாதி எழும்பின பிறகு கேட்டால் கேள்விக்கு மரியாதை இல்லை.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

முதலில் ஒரு புரளியைத் தீர்த்துவிடலாம். 'டவுனில் புதுக் கோர்ட்டு கட்டத்தான் நம்ம வீட்டு வரியை ஏத்தறாங்க' என்று டீக்கடையில் பேச்சு ஓடுது. அது சரியில்லை. நம்ம நாட்டில் கீழ்க் கோர்ட்டுகளுக்குக் கட்டிடம் கட்ட 1993-94லிருந்து மத்திய அரசும் மாநில அரசும் பங்கு போட்டுக்கொள்கிற திட்டம் இருந்து வந்திருக்கிறது. பல வருஷமாக அந்தப் பங்கு அறுபதுக்கு நாற்பது. அதில் நம்ம வீட்டு வரி சேராது. தப்பான காரணத்தைச் சொல்லிப் போராடினால் அதிகாரி ஒரே வரியில் நம் வாயை அடைத்துவிடுவார்.

சரியான காரணம் வேறே. நகராட்சி, மாநகராட்சி என்றால் பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், அலுவலகக் கட்டிடம், பாதாளச் சாக்கடை என்று பெரிய வேலைகளுக்குக் கடன் வாங்கலாம், வாங்குகிறார்கள். கடனைக் கட்டுவதற்கு அவர்களுக்குச் சொந்தமான பெரிய வரவு சொத்து வரி. 2022ல் சொத்து வரி ஏறினபோது 600 சதுர அடிக்குள் இருக்கிற சின்ன வீட்டுக்கே 25 சதவீதம் ஏறியது. 1,800 சதுர அடிக்கு மேல் என்றால் 100 சதவீதம். சென்னையின் பழைய பகுதிகளில் 150 வரைக்கும் போனது. கேட்டால், 2021-26க்கான 15வது நிதிக்குழு அப்படி நிபந்தனை போட்டுவிட்டது என்றார்கள். அது உண்மைதான். குறைந்தபட்ச வரி விகிதத்தை அறிவிக்கணும், மாநிலத்தின் பொருளாதாரம் வளர்கிற வேகத்துக்குச் சொத்து வரி வசூலும் வளரணும், அப்போதுதான் நகரங்களுக்கு மானியம் என்றது நிதிக்குழு. மாநிலத்துப் பொருளாதாரம் வளருது, சரி. கார் கம்பெனியும் சாப்ட்வேர் கம்பெனியும் வளர்ந்த வேகத்துக்கு நம்ம கத்தரிக்காய் விலை வளர்ந்துச்சா?

2025 ஜனவரியில் பல நூறு கிராம ஊராட்சிகளை நகரங்களோடு சேர்க்கிற அறிவிப்புகள் வந்தன. அதே மாதம் 5ம் தேதியோடு, 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனது. பாருங்க, ஊரோட தலையெழுத்தை மாத்தற காகிதம் வர்ற நேரத்துல, ஊர் சார்பா 'ஏன்'னு கேட்க ஓட்டு வாங்கின ஒரு ஆள் இல்லை!

வரி மட்டும் பிரச்சினை இல்லை. டவுனோடு சேர்ந்துவிட்டால் கிராமப்புற வேலைத் திட்டம் கிடையாது. வேலைக்குப் போய் வீட்டை ஓட்டுகிற தாய்மார்களுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை: கிராம சபையும் போய்விடும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள், ஓட்டுரிமை உள்ள யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று வரவு செலவைக் கேட்கிற இடம் அது. நகரத்தில் வார்டு கமிட்டி, ஏரியா சபை என்று வேறு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். ஊரே ஒண்ணாக் கூடிக் கேட்கிற கிராம சபைக்கு அது ஈடாகாது. கேள்வி கேட்கிற இடத்தை இழந்துட்டு வரியை மட்டும் ஏத்திக்கிட்டா, நாமும் மக்கூப்பின்காரர்கள்தான்.

அதனால் நம் மனுவில் என்ன கேட்டிருக்கிறோம் என்று சொல்லிவிடுகிறோம். சேர்ப்பதற்கு முன்னால், சேர்க்கப் போகிற நகராட்சிக்கு இன்றைய தேதியில் எவ்வளவு கடன், என்ன வட்டி, எந்த வருஷம் தீரும் என்பதை எழுத்தில் கிராம சபை முன்னால் வைக்கணும். அடுத்தவன் வாங்கின கடனில் நம்மைப் பங்காளி ஆக்குகிறவன் கடன் பத்திரத்தைக் காட்டித்தானே ஆகணும்? எந்தக் கட்டிடத்துக்கு எவ்வளவு மதிப்பீடு, அதைத் தாண்டினால் யார் பொறுப்பு என்பதும் அதில் இருக்கணும். நம்ம வீட்டை அளக்க வரும்போது மாட்டுக் கொட்டகை, பம்புசெட் அறை, களத்துச் சாளை இதையெல்லாம் வீட்டோடு சேர்த்து அளக்கக் கூடாது. பயிர் வைக்கிற நிலத்தை, ஒரு போகம் மழை இல்லாமல் தரிசாகக் கிடந்தது என்பதற்காகக் காலி மனை என்று எழுதக் கூடாது. மேரிலாண்ட் விவசாயிக்குக் கிடைத்த நியாயம்தான் அது, புதுசாக ஒன்றும் கேட்கவில்லை. எல்லாத்துக்கும் மேல, தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி இல்லாத நேரத்தில் இப்படிப்பட்ட முடிவு எதுவும் எடுக்கக் கூடாது.

மனு கொடுத்தால் பதில் வருமா என்று கேட்பீர்கள். சும்மா கொடுத்தால் வராது. அதற்குத்தான் 2005ல் வந்த தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. நியூயார்க் கணக்கு ஆபீஸில் ஒளிஞ்சு ஒளிஞ்சு நகல் எடுத்ததை நாம் பத்து ரூபாய்க் கோர்ட்டுக் கட்டண வில்லை ஒட்டி, வெள்ளைத் தாளில் தமிழில் எழுதிக் கேட்கலாம். முப்பது நாளில் பதில் தரணும். அந்தச் சட்டமும் சும்மா வந்ததில்லை. ராஜஸ்தானில் நம்மைப் போல் கூலி வேலை செய்கிற சனங்கள், வேலைக்குப் போட்ட மஸ்டர் ரோலைக் காட்டு, பில்லைக் காட்டு என்று ஊர் ஊராகப் பந்தல் போட்டுக் கேட்டு, 1996ல் பியாவர் நகரத்தில் நாற்பது நாள் தர்ணா உட்கார்ந்து, அதில் கிளம்பின சூடுதான் நாடு பூராவும் சட்டமாக வந்தது. பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்கள் அவர்கள். பில்லைக் காட்டு என்று கேட்க எழுத்து எதுக்குங்க?

இனி வேலை. மனுவின் மாதிரி பின் அட்டையில் இருக்கிறது, கிழித்துக்கொள்ளலாம். வீட்டுக்கு ஒன்று, கதவு எண்ணோடு. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம், பக்கத்தில் ஒரு சாட்சி போதும். கடைசியாகக் கட்டின வீட்டு வரி ரசீதின் நகலையும், நிலம் இருக்கிறவர்கள் சிட்டா நகலையும் சேர்த்து வையுங்கள். நாளைக்கு வரி ஏறினால், எதிலிருந்து எதுக்கு ஏறினது என்று காட்ட அந்த ரசீதுதான் சாட்சி. ரசீது தொலைந்துவிட்டது என்பவர்கள் இந்த வாரமே ஊராட்சி ஆபீஸில் போய்க் கேளுங்கள், நாங்களும் கூட வருகிறோம்.

வரும் கிராம சபைக்குக் காலையிலேயே வந்துவிடுங்கள். கூட்டம் தொடங்கி, தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கி முடித்த பிறகு வந்து கத்திப் பிரயோஜனம் இல்லை. போன தடவை அப்படித்தான் ஆச்சு. நோட்டில் நம் தீர்மானம் ஏறின பிறகு, அதன் கீழே கோடு போட்டு மூடின பிறகுதான் கையெழுத்து. வெற்றுத் தாளில் யாரும் கையெழுத்துப் போடாதீங்க. அன்றைக்குக் கேள்வி கேட்ட அந்தத் தம்பியே நம் தீர்மானத்தைப் படிக்கணும் என்று கேட்டிருக்கிறோம். சரி என்று சொல்லியிருக்கிறார்.